மிஸ் மார்வெல் சூப்பர் ஹீரோத் தொடர், 5ஆவது பகுதி: அந்தக் கடைசி ரயில் காட்சி (கதை முழுதும் பேசப்படும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்)

குளக்கட்டு, கிளிநொச்சி

இந்தப் பகுதி வெளியானது 2022 ஜூலை 6. அந்தக் கிழமை இங்கே யாருக்குச் சூப்பர் ஹீரோ பார்க்கிற மனநிலை இருந்தது? பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, கறண்ட் கட். மூன்று நாள் கழித்துச் சனம் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் நின்றது. அப்போது தவறவிட்டதை இப்போது கிழமைக்கு ஒன்றாகப் பார்த்து வருகிறோம். முதல் நான்கு பகுதிகளுக்கும் 'நல்லாயிருக்கு, பாட்டுச் சூப்பர்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டோம். இதற்கு அப்படி விட மனமில்லை.

மறந்தவர்களுக்கு: கமலா கான், ஜெர்சி சிற்றியில் வளர்கிற பாகிஸ்தான் வம்சாவளிப் பள்ளிக்கூடப் பிள்ளை. பூட்டியின் பழைய வளையலைப் போட்டதும் அவளிடமிருந்து கல்லுப்போல் கெட்டியான ஒளி வரத் தொடங்குகிறது. 4ஆவது பகுதி முடிவில், கராச்சிச் சண்டையில் வளையலில் கத்தி பட, இந்திய பாகிஸ்தான் பிரிவினை நடந்த 1947க்குள் போய் விழுகிறாள். 5ஆவது பகுதியின் முன்பாதி அந்தப் பூட்டி ஆயிஷாவின் கதை. 1942இல் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தப்பி ஓடி வருகிறாள், ரோசாத் தோட்டம் வைத்திருக்கிற ஹசனைச் சந்திக்கிறாள், சனா என்ற மகள் பிறக்கிறாள். ஐந்து வருடம் கழித்துக் கராச்சிக்குப் போகிற கடைசி ரயிலைப் பிடிக்க மூவரும் ஓடுகிறார்கள். நெரிசலில் பிள்ளை தவறிவிடுகிறது. ஆயிஷாவை, வேறு உலகத்திலிருந்து அவளோடு வந்த தோழி நஜ்மா குத்திவிடுகிறாள். எதிர்காலத்திலிருந்து வந்த கமலா, குழந்தையாக இருக்கிற தன் அம்மம்மாவைக் கண்டுபிடித்து, ஒளியால் படி போட்டுத் தகப்பனிடம் நடக்க வைக்கிறாள்.

என் கட்சி இதுதான். சூப்பர் ஹீரோ என்றால் ஊரைக் காப்பாற்ற வேண்டும், உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பார்த்துப் பழகிவிட்டோம். இங்கே அவ்வளவு பெரிய சக்தியை வைத்துக்கொண்டு அவள் செய்வது ஒரு பிள்ளையை ஒரு தகப்பனிடம் சேர்ப்பது மட்டும்தான். கலவரத்தை நிறுத்த முடியவில்லை, ரயிலை நிறுத்த முடியவில்லை, பூட்டியைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. அந்த அளவோடு நிறுத்தியதுதான் எனக்குப் பிடித்தது. ஆறு பகுதிகளில் இதுதான் முதலிடம். சரி, அடியுங்கள்.

மின்னல்கோடு, வவுனியா

அண்ணை, காட்சி வடிவு, மறுக்கவில்லை. எபிசோடாக எடுத்தால் பத்துக்கு ஆறு.

நாற்பது நிமிடத்துச் சொச்சத்தில் ஒரு காதல் கதை, ஒரு நாட்டுப் பிரிவினை, ஒரு காலப் பயணம், ஒரு வில்லியின் முடிவு, அம்மா மகள் சமாதானம் எல்லாவற்றையும் திணித்திருக்கிறார்கள். அடிபட்டது நஜ்மா. அந்த அம்மா 1942க்கும் முந்தியிருந்து தன் உலகத்துக்குத் திரும்ப ஆசைப்படுகிறவர். அதற்காகத் தோழியையே குத்தியவர். போன பகுதியில் பெற்ற மகன் கம்ரானையே சிறையில் விட்டுவிட்டு நடந்தவர். அப்படிப்பட்டவர், கமலா மகனின் பெயரைச் சொன்னவுடன் மனம் மாறி, இரண்டு உலகங்களுக்கும் நடுவிலுள்ள திரைக்குள் போய்த் தன்னையே அழித்து அதை மூடுகிறார். இவ்வளவு நாள் கட்டிய வில்லி சில நிமிடங்களில் முடிந்துவிட்டார். நிம்ரா புச்சா நல்ல நடிகை, அவரை வீணாக்கிவிட்டார்கள்.

அப்புறம், 2014இல் வந்த கொமிக்ஸில் கமலாவின் சக்தி உடம்பை நீட்டுவது, பெருக்குவது. அதை ஏன் ஒளியாக மாற்றினார்கள் என்று முதல் பகுதியிலிருந்தே எரிச்சல்.

கச்சான்பை, முறிகண்டி

ஹசனாக வரும் ஃபவாத் கான் ரோசாத் தோட்டத்துக்குள் நின்று கவிதை மாதிரிக் கதைக்கிறார். பத்துக்குப் பத்து. இழையை மூடலாம்.

குளக்கட்டு, கிளிநொச்சி

@மின்னல்கோடு, நஜ்மா விஷயத்தில் உமக்கு நான் எதிர்ப்பில்லை. ஆனால் ஒளியாக மாற்றாவிட்டால் அந்தக் கடைசிப் படிகள் எங்கிருந்து வரும்? 'சின்ன வயதில் தொலைந்துபோன சனா நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து தகப்பனிடம் வந்தாள்' என்று அந்தக் குடும்பத்தில் ஒரு கதை ஆரம்பத்திலிருந்தே சொல்லப்படுகிறது. யாரும் பெரிதாக எடுக்கவில்லை, கிழவிகள் சொல்கிற கதை என்று நாமும் விட்டுவிட்டோம். கைகளை நீட்டிப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்திருந்தால் நட்சத்திரக் கதை எப்படிப் பிறந்திருக்கும்?

மின்னல்கோடு, வவுனியா

அது நியாயம். ஒளிக்கு அரை மதிப்பெண் கூட்டுகிறேன். ஆறரை.

பனங்கூடல், புதுக்குடியிருப்பு

நான் சூப்பர் ஹீரோ பார்க்கிற ஆள் இல்லை. வீட்டுப் பெடியளோடு இருந்து பார்த்ததுதான். சரித்திரம் படிப்பித்தவள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

பகுதி தொடங்கும்போது பழைய செய்திப்படம் மாதிரிக் கறுப்பு வெள்ளையில் பிரிவினையைச் சொல்கிறார்கள். அது சரியான தெரிவு. வெள்ளைக்காரனின் செய்திப்படக் குரல் எப்போதும் சுத்தமாக இருக்கும், கோடு போட்டாயிற்று, கொடி இறக்கியாயிற்று, முடிந்தது. கோடு போட வந்த ராட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1947 ஜூலையில் வந்து ஐந்து கிழமையில் வேலையை முடித்தார். சுதந்திரம் ஓகஸ்ட் 14, 15. கோடு எங்கே போகிறது என்று சனத்துக்குச் சொன்னது ஓகஸ்ட் 17. தங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாமலே இரண்டு மூன்று நாள் கொடியேற்றியவர்கள் இருந்தார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தார்கள். செத்தவர் தொகை இரண்டு இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் வரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது என்றால் எண்ணுவதற்கு யாரும் இருக்கவில்லை என்றுதான் அர்த்தம். எண்ணப்படாத சாவு என்றால் என்ன என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

4ஆவது பகுதியில் அந்த அம்மம்மா சொல்வார், கடவுச்சீட்டு பாகிஸ்தானுடையது, வேர் இந்தியாவில், நடுவில் இரத்தத்தால் போட்ட எல்லை என்ற கருத்தில். அந்த வசனத்துக்கு இந்தப் பகுதிதான் பதவுரை.

நிலையக் காட்சி பற்றி ஒரு குறை உண்டு. அதை எழுத இப்போது நேரமில்லை, சோறு அடுப்பில்.

மாங்குளம் சந்தி

ரீச்சர் வருமுன் ரயில்காரன் நான் கொஞ்சம் கதைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு ரயில் என்றால் புத்தகத்தில் இருக்கிற படம். 1990இல் வடக்குப் பாதை நின்றது. வவுனியாவோடு சரி. அதற்கு வடக்கே தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனது. மாங்குளம் நிலையம் இருந்த இடத்தில் பற்றைதான். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு. முதல் நாள்களில் சும்மா பார்ப்பதற்கென்றே வேலியோரம் வந்து நின்ற வயதுபோனவர்களை எனக்குத் தெரியும். 'கோச்சி வருது' என்று ஒரு கிழவர் பேரனைத் தூக்கிக் காட்டுவார், பேரன் பயந்து அழுவான்.

ஆகவே அந்தக் காட்சியில் ரயில் கூவினதும் எனக்கு வந்தது கடைசி ரயில் என்ற துக்கம் இல்லை. நம்மை ஏற்றிப் போக ஒரு ரயில்கூட இருக்கவில்லையே என்ற எண்ணம்தான். 95இல் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் கால்நடை. 2009இல் லாண்ட்மாஸ்ரர் பெட்டி, சைக்கிள், பிறகு அதுவும் இல்லை.

மற்றது, கராச்சிக் காட்சிகள் எடுத்தது தாய்லாந்தில், பாங்கொக்கில். பார்க்கும்போது அந்தத் தெருவில் ஒரு சந்தேகமும் வரவில்லை. கலை இயக்கக்காரருக்கு ஒரு கும்பிடு.

கச்சான்பை, முறிகண்டி

தெரியும், தெரியும். இனி எல்லோரும் முள்ளிவாய்க்காலுக்குப் போகப்போகிறீர்கள். எந்தப் படம் பார்த்தாலும் அங்கேதான் போய் நிற்கிறோம். வெளவால் மனிதன் பார்த்தாலும் அது, சிலந்தி மனிதன் பார்த்தாலும் அது. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை கையில் லைட் அடிப்பதைச் சும்மா பார்த்து ரசிக்க முடியாதா? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்கிறேன். என் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு வளையல் வாங்கித் தா என்று நிற்கிறார்கள். அவர்களுக்கு அது போதும். எனக்கும் அது போதும் என்றே இருக்கிறது.

வட்டப்பளைக்காரி

@கச்சான்பை, ரசியுங்கள், யாரும் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் இந்தப் பகுதியை எடுத்தவர்களே அங்கே போகச் சொல்லித்தான் எடுத்திருக்கிறார்கள். தொலைந்த பிள்ளையைக் காட்டிவிட்டு, தொலைந்த பிள்ளையை நினைக்காதே என்று சொன்னால் எப்படி?

எனக்கு அந்த நட்சத்திரப் படி பிடிக்கவில்லை. கோபமே வந்தது. நான் ஏன் என்று சொல்கிறேன், பிறகு நீங்கள் அடிக்கலாம்.

2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் வந்த நெரிசலைக் கண்டவர்கள் இந்த இழையிலேயே இருப்பீர்கள். அதற்கு முன் மாத்தளனிலிருந்து காயக்காரரைக் கப்பலில் ஏற்றினார்கள், கிரீன் ஓஷன். காயக்காரரோடு வீட்டார் எல்லோரும் ஏற முடியாது. யார் ஏறுவது, யார் நிற்பது என்று கடற்கரை மணலில் நின்று முடிவெடுத்த குடும்பங்கள் உண்டு. பிறகு மனிக் பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒருவர் இராமநாதன் முகாம், மற்றவர் அருணாசலம் முகாம், நடுவில் முள்ளுக்கம்பி, மற்றப் பக்கத்தில் இருக்கிறாரா என்று தெரியவே கிழமைக்கணக்கில் போனது. கிடைத்தவர்கள் கிடைத்தார்கள். கிடைக்காதவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சிக் கந்தசாமி கோவிலடியில் பதில் கேட்டுப் போராட்டம் இருந்தார்கள். அதில் எத்தனையோ பேர் பதிலில்லாமலே செத்துப்போனார்கள்.

இதையெல்லாம் தெரிந்த ஒருத்திக்கு, பிள்ளை தொலைந்தது, ஒளி வந்தது, தகப்பன் கிடைத்தான் என்று காட்டினால் எப்படி இருக்கும்? பிரிவினையில் ஒளி வராத பிள்ளைகள்தானே அதிகம். நடந்த அழிவுக்குள் மந்திரத்தைக் கொண்டுவராதீர்கள் என்பதுதான் என் கட்சி. வேற்றுக்கிரகத்தில் கதை வையுங்கள், என்ன மந்திரமும் செய்யுங்கள்.

குளக்கட்டு, கிளிநொச்சி

அக்கா, அடிக்க ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்த நிலையத்தில் அவள் மற்ற ஒருவரையும் காப்பாற்றவில்லை. கூட்டம் முழுக்க அழுதுகொண்டிருக்கிறது, கமரா அவர்களைக் கடந்துதான் போகிறது. எல்லோரையும் காப்பாற்றினாள் என்று காட்டியிருந்தால் நீங்கள் சொல்கிற பொய் அது. ஒருத்தி மட்டும்தான் என்று காட்டியதால் மற்றவர்கள் கண்ணில் நிற்கிறார்கள். எனக்கு அப்படித்தான் பட்டது.

வட்டப்பளைக்காரி

எனக்கு மற்றவர்கள் நிற்கவில்லை. பாட்டு வந்தது, பிள்ளை சேர்ந்தது, மனம் ஆறியது. ஆற வைப்பதற்கென்றுதானே அந்த இசை. ஆறக்கூடாத இடம் அது.

மின்னல்கோடு, வவுனியா

நான் இதற்குள் வரவில்லை, எனக்கு அந்த வயது இல்லை. ஆனால் கதை விதி பற்றி ஒரு கேள்வி. கமலா போய்க் காப்பாற்றியதால்தான் சனா தப்பினாள். சனா தப்பியதால்தான் கமலா பிறந்தாள். அப்போ முதல் தடவை யார் காப்பாற்றினார்கள்? மார்வெலின் 2019 படத்தில், பழைய காலத்துக்குப் போய் எதையாவது மாற்றினால் நம் காலம் மாறாது, புதுக் கிளை ஒன்று பிறக்கும் என்று வகுப்பெடுத்தார்கள். இங்கே கிளையும் இல்லை ஒன்றும் இல்லை, சுத்தமான வட்டம். தங்கள் விதியைத் தாங்களே மறந்துவிட்டார்களா?

குளக்கட்டு, கிளிநொச்சி

மறக்கவில்லை. அவள் எதையும் மாற்றவில்லையே. நடந்ததைத்தான் நடத்துகிறாள். மாற்றினால்தான் கிளை. குடும்பக் கதையில் நட்சத்திரம் முதலிலிருந்தே இருக்கிறது என்பதுதான் அத்தாட்சி. வளையலில் எழுதியிருப்பதும் அந்தக் கருத்துத்தான், நீ தேடுவது உன்னைத் தேடுகிறது.

மின்னல்கோடு, வவுனியா

அது சமாளிப்பு. ஆனால் நல்ல சமாளிப்பு.

தண்ணீரூற்றான்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கனநாளாக வாசிக்கிறேன், எழுதுவது குறைவு.

எங்கள் வீட்டில் இந்தத் தொடரை உட்கார்ந்து பார்த்ததற்கு முதல் காரணம் வேறு. பள்ளிவாசல் தெரிவு, ஈத் கொண்டாட்டம், கல்யாண வீடு, வீட்டுக்குள் தொழுகை எல்லாம் சாதாரணமாக வருகிற ஒரு சூப்பர் ஹீரோ கதை. ஹிஜாப் போட்ட தோழி நாகியா பகிடி விடுகிறாள், கோபப்படுகிறாள், தேர்தலில் நிற்கிறாள். என் மகளுக்கு வாய் மூடவில்லை.

ஆனால் 5ஆவது பகுதி வேறு இடத்தில் பிடித்தது. நாங்கள் தண்ணீரூற்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் வீட்டாரும் போனார்கள். போய் நின்றது புத்தளத்தில். நான் வளர்ந்ததும் அங்கேதான், கிடுகுக் கொட்டில், உப்புத் தண்ணீர். உம்மம்மா கடைசிவரைக்கும் முல்லைத்தீவுக் காய்கறி மாதிரி இங்கே இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி வந்தோம், வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

இந்தப் பகுதியில் ஹசனின் ஊரில் முதலில் அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் கூடுகிறது. பிறகு அதே ஊரில் இருக்க முடியாமல் போகிறது. அந்த இடைவெளியைப் பெரிதாக விளக்காமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டாரின் முகம் எப்படி மாறும், எப்படி மாறாமலும் இருக்கும் என்று உம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். வாசல்வரை வந்து அழுத தமிழ்ச் சனமும் அந்தக் கதையில் உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

இங்கே நாங்கள் எல்லோரும் ரயிலேறப்போகிற பக்கத்தில் நின்றுதான் இந்தக் காட்சியைப் பார்க்கிறோம். பிரிவினையில் இரண்டு பக்கமும் ரயில் ஓடியது. வன்னியிலும் அப்படித்தான். சண்டைக்கு எழுதவில்லை.

பனங்கூடல், புதுக்குடியிருப்பு

தம்பி, வந்து எழுதியது நல்லது. 90இல் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் சில கதிரைகள் வெறுமையாக இருந்தன. அடுத்த கிழமையும் வெறுமை. அதிபர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னதற்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

இனி அந்தக் குறைக்கு வருகிறேன். வட்டப்பளைக்காரி பிள்ளை சொன்னதிலிருந்து கொஞ்சம் விலகி.

மந்திரம் வந்ததில் எனக்குக் கோபம் இல்லை. நெரிசலில் தொலைந்து கிடைத்த பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் ஒரு மந்திரக் கதை இருக்கிறது. அம்மாளாச்சி கிழவி வேசத்தில் வந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்தா என்பார்கள். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் தூக்கித் தந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் காணவில்லை என்பார்கள். எங்கள் சொந்தத்துக்குள் ஒரு பெடியனை நாய் கூட்டிவந்ததாகக் கதை. அந்த மந்திரத்துக்குள்ளே நின்றது யார் என்று யோசித்தால், பெரும்பாலும் முன்பின் தெரியாத ஒரு மனுசன். தன் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறவன், ஒரு நிமிடம் நின்று, பிறத்தியார் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்து 'இது ஆற்ற பிள்ளை' என்று கத்தியவன். அவனுடைய பெயர் யாருக்கும் தெரியாது. செல்லில் செத்துமிருப்பான்.

இந்தத் தொடர் அந்த ஆளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சொந்தப் பேத்தியை வைக்கிறது. சொந்த இரத்தம் சொந்த இரத்தத்தைக் காப்பாற்றியது என்று ஆகிவிடுகிறது. அதுதான் எனக்கு உறுத்தியது. அவ்வளவு கூட்டத்தில் பிள்ளையை எடுத்துக் கொடுக்க ஒரு அந்நியன்கூட இருக்கவில்லையா? பிரிவினைக் காலத்தில் மற்ற மதத்துப் பிள்ளையை ஒளித்துக் காத்தவர்களின் கதைகள் இரண்டு பக்கமும் உண்டு. அந்த ஆளுக்குச் சேரவேண்டிய நன்றியைக் குடும்பத்துக்குள் கட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

மாங்குளம் சந்தி

ரீச்சர், இதை நான் யோசிக்கவே இல்லை.

குளக்கட்டு, கிளிநொச்சி

ரீச்சர் சொன்னதில் பாதிக்கு மறுப்பு உண்டு. சனாவுக்கும் ஹசனுக்கும் கமலா அந்நியள்தானே? அவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். யாரென்று தெரியாத ஒரு பெட்டை, சட்டை துணி எல்லாம் வேறு மாதிரி, எங்கிருந்தோ வந்து பிள்ளையைத் தூக்கிவிட்டுக் காணாமல் போகிறாள். அவள் பேத்தி என்பது நமக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். எழுபத்தைந்து வருடம் சனா நினைத்துக்கொண்டிருந்தது நட்சத்திரங்களை, பேத்தியை இல்லை. ஆக அந்த வெள்ளை வேட்டிக்காரர் இந்தக் கதையிலும் இருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

பனங்கூடல், புதுக்குடியிருப்பு

சனாவுக்கு அப்படி. எனக்குப் படம் பார்க்கத் தந்தது பேத்தி என்ற கண்ணோட்டத்தில். தந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார் என்றால் எப்படித் தம்பி? ஆனாலும் நீர் சொன்னதைக் கொஞ்சம் வைத்துக்கொள்கிறேன்.

வட்டப்பளைக்காரி

ரீச்சர் சொன்ன குறை என்னுடையதைவிடச் சரியான குறை. மந்திரம் வேண்டாம் என்றேன், ஆனால் நம் வீடுகளிலும் மந்திரம் சொல்லித்தானே வைத்திருக்கிறோம். என் பெரியம்மா இன்னும் கண்ணகை அம்மன் காட்டித் தந்தா என்றுதான் சொல்வார். அவருடைய கதையில் மந்திரம் இருந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அதைச் சொல்கிறவர் அந்த இடத்தில் நின்றவர். பெரிய நிறுவனம் ஒன்று காசு போட்டுச் செய்யும்போதுதான் கோபம் வருகிறது. மார்க் போடச் சொன்னால் போடமாட்டேன்.

தண்ணீரூற்றான்

நிறுவனம் சரி, எடுத்தவரையும் பாருங்கள். 4ஆவதும் 5ஆவதும் இயக்கியவர் ஷர்மீன் ஒபைத் சினாய், கராச்சிக்காரி. ஆவணப்படங்களுக்கு இரண்டு தடவை ஒஸ்கார் எடுத்தவர். பிரிவினையைக் கண்டவர்களின் வாய்மொழிக் கதைகளைச் சேர்த்து வைக்கிற ஆவணக் காப்பகம் ஒன்றைப் பாகிஸ்தானில் தொடங்கியவர்களில் ஒருவர். ஆயிரக்கணக்கில் அப்படியான கதைகள் சேர்ந்த இடத்திலிருந்து வருகிறவருக்கு, நட்சத்திரக் கதை எப்படிப் பிறக்கும் என்று தெரிந்திருக்கும். பாகிஸ்தானில் இந்தத் தொடரைத் தியேட்டரிலேயே இரண்டு இரண்டு பகுதியாகப் போட்டார்கள். அங்கே கிழவிமார் இருந்து இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் கொஞ்சம் பொறாமைதான்.

மின்னல்கோடு, வவுனியா

கிழவிமார் என்றதும்: என் அம்மம்மாவுக்கு இந்தக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் தெரியாது, நான்தான் பக்கத்திலிருந்து சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, பேச்சுத்தான் விழுந்தது.

'பிள்ளையின்ர கையில வளையலைக் குடுக்கிறாளே, அதால என்ன பிரயோசனம்? ஒரு துண்டில பேரும் தகப்பன்ர பேரும் ஊரும் எழுதிக் கழுத்தில கட்டியிருக்க வேணாமா? நாங்கள் உன்ர கொம்மாவுக்கு அப்பிடித்தான் கட்டினனாங்கள். வெளிக்கிடேக்க தகப்பன்ர கையை விடாதே எண்டு ரெண்டு பேரையும் துணியால முடிஞ்சு விடோணும்.'

அதோடு, அவ்வளவு பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு யாராவது ஓடுவார்களா, பாதி வழியில் போட்டிருப்பார்கள், முதலில் அரிசியும் பனடோலும்தான் எடுக்க வேண்டும், அல்பத்தை விட்டுவிட்டுச் சட்டத்தைக் கழற்றிப் படத்தை மட்டும் பொலித்தீனில் சுற்ற வேண்டும் என்று ஒரே வகுப்பு. ஃபவாத் கானைக் காட்டிக் கேட்டேன், 'ஆள் வடிவுதான், ஆனா பதட்டம் காணாது' என்றார்.

கச்சான்பை, முறிகண்டி

பதட்டம் காணாது! அம்மம்மாவுக்கு என் பத்தையும் கொடுத்துவிடுங்கள்.

நான் மேலே கேட்டதற்குப் பதில் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். இன்னும் என் பிள்ளைகள் பார்க்கிற மாதிரிப் பார்க்கத்தான் எனக்கு விருப்பம். ஆனால் ரீச்சர் சொன்ன அந்த 'ஆற்ற பிள்ளை' என்று கத்தின ஆள், அவரை வைத்து யாராவது ஒரு சூப்பர் ஹீரோக் கதை எழுதினால் சொல்லுங்கள். முதல் ஆளாக வந்து பார்க்கிறேன்.

மாங்குளம் சந்தி

சக்தி என்ன என்று வைப்பீர்கள்?

கச்சான்பை, முறிகண்டி

நல்ல தொண்டை.

பனங்கூடல், புதுக்குடியிருப்பு

சிரிப்பு வந்துவிட்டது. ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. தாய், மகள், அம்மம்மா மூன்று பேரும் கராச்சியில் கடைசியில் ஒன்றாக நிற்கிற இடம். கமலாவின் தாய் முனீபாவுக்கு இதுவரைக்கும் தன் தாய் சனா மேல் கோபம், இந்த நட்சத்திரம் ஜின் என்ற பழங்கதைகளைச் சொல்லியே ஊராரிடம் தன்னைப் பேச்சு வாங்க வைத்தவள் என்று. மகள்தான் அந்த ஒளிக்காரி என்று தெரிந்தவுடன் அந்தக் கோபத்துக்கு இடமில்லாமல் போகிறது. முனீபாவாக வரும் ஜெனோபியா ஷ்ராஃப் அதை முகத்தால் செய்கிறார், வசனம் குறைவு. இடம்பெயர்ந்த தாயின் கதையை நம்பாத பிள்ளை என்பது நம் வீடுகளில் நிறைய. வெளிநாட்டிலிருந்து வருகிற பேரப்பிள்ளைகள் வந்து கேட்கும்போதுதான் நடுவில் இருக்கிற நாங்களும் உட்கார்ந்து கேட்கிறோம். எனக்கு ரயிலைவிட அந்த இடம்தான் இந்தப் பகுதியில் திறம்.

மின்னல்கோடு, வவுனியா

அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஜெர்சியில் கமலாவின் தோழன் புரூனோவும் கம்ரானும் நிற்கிற கடையை ட்ரோன் அடித்து நொறுக்குகிறது. நஜ்மா போகும்போது மகனுக்குத் தன் சக்தியை அனுப்பிவிட்டாராம். எப்படி, ஏன், கடல் தாண்டி எவ்வளவு நேரத்தில்? கேட்கக்கூடாது போல. 6ஆவது பகுதியில் இதற்கு மட்டும் ஒழுங்கான பதில் இல்லாவிட்டால் ஆறரையிலிருந்து ஆறுக்கு இறக்குவேன்.

குளக்கட்டு, கிளிநொச்சி

6க்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தனி இழை திறக்கிறேன். பார்த்தவர்கள் முடிவைச் சொல்லாதீர்கள், முக்கியமாக கடைசியில் புரூனோ சொல்கிற அந்த ஒரு சொல்லை. மின்னல்கோடு, கம்ரான் கோபத்தை அங்கே கொண்டு வாரும். அம்மம்மாவையும் கூட்டி வந்து உட்கார வையும், ட்ரோன் பற்றி அவவுக்கும் சொல்ல இருக்கும்.